ரிப்பேரா? புதுசா?

எட்டு வயசுப் பிள்ளை மூன்றாம் கிளாஸ் படிக்கும். எட்டு வயசு வாஷிங் மெஷின் ரிடையராகத் தயாராகிவிடும்.

எங்கள் வீட்டு மெஷின் 2017 தீபாவளிக்கு வந்தது. ஃப்ரன்ட் லோடிங், ஆறரை கிலோ, 26 ஆயிரத்துச் சொச்சம். எட்டு வருஷம் தினம் ஒரு தடவை வாயைத் திறந்து, போட்டதை வாங்கிக்கொண்டு, முணுமுணுக்காமல் உழைத்தது. ஆபீஸில் இப்படி ஒரு ஆள் இருந்தால் அவருக்கு இன்க்ரிமென்ட் கொடுக்காமல் இன்னும் இரண்டு மூட்டை வேலையை அனுப்புவார்கள். நாங்களும் அதையேதான் செய்தோம்: ஊரிலிருந்து விருந்தாளி வந்தால் கூடவே நாலு பெட்ஷீட்.

சத்தம் பிழிகிற கட்டத்தில்தான் வந்தது. குடியிருப்பது ஆதம்பாக்கம். மீனம்பாக்கம் விமானங்கள் சத்தம் போட்டுக்கொண்டு போவது பழக்கம். அம்மாதான் கேட்டாள்:

"ஏண்டா, இந்த ஒரு ஃப்ளைட் மட்டும் தினம் ஒன்பது மணிக்கு நம்ம பாத்ரூம் வழியா போகுதே, எங்கடா போகுது?"

போய்ப் பார்த்தால் மெஷின் ரன்வேயில் ஓடிக்கொண்டிருந்தது.

* * *

மெஷின் கெட்டுப்போனால் உடனே நாட்டில் இரண்டு கட்சிகள் உருவாகும். "தூக்கிப் போடு" கட்சி ஒன்று, "தட்டிப் பாரு" கட்சி ஒன்று. கூட்டணிக்கு வாய்ப்பே கிடையாது.

ஆபீஸில் பக்கத்து ஸீட் இளைஞர் முதல் கட்சி. "ப்ரோ, எட்டு வருஷமா? அது ஆன்ட்டிக். ரிப்பேர்ல காசைக் கொட்டாதீங்க. ஆஃபர் போயிட்டிருக்கு, எக்ஸ்சேஞ்ச் இருக்கு, நோ-காஸ்ட் இ.எம்.ஐ. இருக்கு." அவர் பேசி முடிப்பதற்குள் போனில் பன்னிரண்டு மெஷின்களைக் காட்டிவிட்டார். ஒன்று நம் போனோடு பேசுமாம். துணி துவைக்கிற சாமான் எனக்கு எதற்கு போன் பண்ண வேண்டும் என்று தெரியவில்லை. ஏற்கெனவே எனக்கு வருகிற போன்களெல்லாம் லோன் வேணுமா என்றுதான்.

மூன்றாவது மாடியில் இருக்கும் ரிடையர்டு பாங்க் மாமா இரண்டாவது கட்சி. அவர் வீட்டு மிக்ஸிக்கு முப்பது வயசு. அதை ஆன் பண்ணினால் மூன்று மாடியும் கொஞ்சம் நடுங்கும். "நல்ல மெக்கானிக்கைப் பிடிங்கோ சார். எதையும் சரி பண்ணலாம்" என்பது அவர் கொள்கை.

வீட்டில் அம்மா தனிக்கட்சி. "மெஷினும் வேணாம், மண்ணும் வேணாம். மொட்டை மாடியில கல் இருக்கு. நானே துவைச்சுடறேன்" என்றாள். அம்மாவுக்கு வயசு 72. முழங்காலில் இரண்டு வருஷமாய் வலி. படியேறும்போது ஒவ்வொரு மாடிக்கும் ஒரு முருகா. அந்த ஒரு வாக்கியத்தைக் கேட்டதும் விஷயம் விளையாட்டில்லை என்று புரிந்துவிட்டது. ஏனென்றால் அம்மா சொன்னால் செய்துவிடுவாள். நான் ஆபீஸ் போன பிறகு, யாருக்கும் சொல்லாமல்.

எனவே அவசரச் சட்டம் போட்டேன். மெஷின் சரியாகும் வரை துவைக்கிற இலாகா என் கையில்.

* * *

மொத்தம் பதினோரு நாள். சட்டை, பனியன் எல்லாம் சமாளிக்கலாம். ஜீன்ஸ் இருக்கிறதே, அது உலர்ந்திருக்கும்போது உடை, நனைந்த பிறகு உடற்பயிற்சி. பெட்ஷீட்டைத் தனி ஆளாய்ப் பிழிய மனிதனால் முடியாது. இரண்டு முனையில் இரண்டு பேர் நின்று எதிரெதிராக முறுக்க வேண்டும். நானும் மனைவியும் ராத்திரி ஒன்பதரைக்கு மொட்டை மாடியில் ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொண்டு நின்றோம். இ.எம்.ஐ., ஸ்கூல் ஃபீஸ் இரண்டையும் பற்றிப் பேசாமல் கால் மணி நேரம் பேசியது ரொம்ப நாளைக்கப்புறம் அன்றைக்குத்தான்.

மூன்றாம் நாள் விரல் நுனியெல்லாம் சோப்பில் வெள்ளையாய்ச் சுருங்கிப் போயிற்று. கீபோர்டில் 'எஸ்' அடித்தால் எரிந்தது. மெஷின் வாங்குவதற்கு முன்பு இதை வீட்டில் யார் செய்துகொண்டிருந்தார்கள் என்று நினைத்துப் பார்த்தேன். அம்மா. அப்பா, நான், தம்பி, அத்தை எல்லார் துணியும். நாற்பது வருஷம்.

ஸ்வீடனைச் சேர்ந்த ஹான்ஸ் ரோஸ்லிங் என்ற சர்வதேச சுகாதாரப் பேராசிரியர் 2010-ல் வாஷிங் மெஷினைப் பற்றியே ஒரு சொற்பொழிவு செய்தார். அவர் சின்னப் பையனாக இருந்தபோது வீட்டுக்கு முதல் மெஷின் வந்ததாம். பாட்டியையும் அழைத்திருந்தார்களாம். வாழ்நாள் பூராவும் விறகு மூட்டி வெந்நீர் வைத்து ஏழு பிள்ளைகளுக்குத் துவைத்த அந்தப் பாட்டி, மெஷினுக்கு எதிரே உட்கார்ந்து கடைசிவரை வேடிக்கை பார்த்தாளாம். மெஷின் மிச்சம் பிடித்துக் கொடுத்த நேரத்தில் அம்மா தன்னை லைப்ரரிக்குக் கூட்டிப் போனாள் என்கிறார் ரோஸ்லிங். கேட்கிறபோது சாதாரணமாய் இருந்தது. ஜீன்ஸ் பிழிந்த பிறகு சாதாரணமாய் இல்லை.

* * *

கம்பெனி சர்வீஸ் ஆள் வந்தார். யூனிஃபாரம், டேப்லட், கால் உறை எல்லாம் உண்டு. பிழியும் சத்தத்தை அரை நிமிஷம் கேட்டார்.

"டப் அசெம்ப்ளி மொத்தமா மாத்தணும் சார்."

"எவ்வளவு ஆகும்?"

"லேபர், ஜி.எஸ்.டி. எல்லாம் சேர்த்து 12,400."

"மோட்டாருக்குப் பத்து வருஷ வாரன்ட்டி என்று போட்டிருக்கிறதே?"

"மோட்டார் சூப்பரா இருக்கு சார்!" என்றார் சந்தோஷமாக.

பத்து வருஷ வாரன்ட்டி என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தால் அது மோட்டாருக்கு மட்டும். அதைச் சுற்றியிருக்கிற பேரிங், பம்பு, போர்டு எதற்கும் இல்லை. இருதயம் நன்றாக இருக்கிறது, முழங்கால்தான் போய்விட்டது என்று டாக்டர் சொல்கிற மாதிரி. போகிறபோது சர்வீஸ் ஆள் குரலைத் தாழ்த்தி, "இன்னும் கொஞ்சம் போட்டா புதுசே வாங்கிடலாம் சார்" என்றார். அந்த 'கொஞ்சம்' பதினாறாயிரம்.

அப்புறம் மூன்றாவது மாடி மாமா சொன்ன மெக்கானிக் வந்தார். அறுபது வயசிருக்கும். கையில் ஒரு பை, காதில் பென்சில். மெஷினை ஆன் பண்ணவேயில்லை. கதவைத் திறந்து காலி டிரம்மைக் கையால் ஒரு சுற்று சுற்றினார். உள்ளிருந்து கரகரவென்று மாவு மில் சத்தம். டிரம் விளிம்பைப் பிடித்து மேலும் கீழும் அசைத்தார். ஆடியது.

"பேரிங் போச்சு சார். அதுக்கு முன்னாடி ஆயில் சீல் போயிருக்கும். சீல் போனா தண்ணி உள்ள போவும். தண்ணி போனா கிரீஸ் போவும். கிரீஸ் போனா பேரிங் போவும்."

"பேரிங் போனா?"

"சத்தம் வரும். அதையும் விட்டீங்கன்னா டிரம் ஆடி டப்புல இடிச்சு, மொத்தமும் போவும்."

சங்கிலி புரிந்தது. விலையைக் கேட்டேன். இரண்டு பேரிங், ஒரு சீல், கூலி எல்லாம் சேர்த்து 4,200.

"கம்பெனியில் மொத்த டப்பையும் மாத்தணும் என்கிறார்களே?"

"அவங்க பொய் சொல்லலை சார். அவங்களுக்கு வர்ற ஸ்பேர் அப்படி. டப்பு, டிரம்மு, பேரிங்கு எல்லாம் ஒரே செட்டா வரும். உங்க மெஷின்ல டப்பு ரெண்டு பாதியா போல்ட் போட்டிருக்கு. பிரிக்கலாம். சிலதுல ஒட்டவெச்சே அனுப்பறாங்க. அதா இருந்தா, புதுசு வாங்குங்கன்னு நானே சொல்லிட்டு டீ குடிச்சிட்டுப் போயிருப்பேன்."

இதில் விசேஷம் என்னவென்றால், பேரிங் ஒன்றும் ராக்கெட் சாமான் இல்லை. 6204, 6205, 6206 என்று நம்பர் போட்ட சாதாரண உருண்டை பேரிங்குகள்தான் அநேக மெஷின்களில் உட்கார்ந்திருக்கின்றன. நம்பரைச் சொன்னால் பாரிமுனையில் பேரிங் கடையில் எடுத்துக் கொடுப்பார்கள். விலை சில நூறு ரூபாய். அதை மாற்றுவதற்காகப் பன்னிரண்டாயிரம் ரூபாய் டப்பைத் தூக்கிப்போடச் சொல்கிறார்கள். ஸ்கூட்டர் டயர் பங்க்சருக்கு ஸ்கூட்டரை மாற்றுவது போல.

* * *

ஆனாலும் உணர்ச்சிவசப்பட்டு முடிவெடுக்கக்கூடாது. மத்தியதர வர்க்கத்துக்குக் கணக்குதான் கடவுள். ஒரு காகிதம் எடுத்தேன். நீங்களும் எடுங்கள்.

அதே மாதிரிப் புது மெஷின் 29,000. பழசுக்கு எக்ஸ்சேஞ்சில் 1,500 தருவதாகச் சொன்னார்கள். மிச்சம் 27,500. அதுவும் எட்டு வருஷம் உழைக்கும் என்று வைத்துக்கொள்வோம். வருஷத்துக்குச் சுமார் 3,440 ரூபாய். இதுதான் துணி துவைக்க நாம் கொடுக்கிற வாடகை.

இப்போது ரிப்பேர் செலவை இந்த வாடகையால் வகுக்க வேண்டும். மெக்கானிக்கின் 4,200-ஐ வகுத்தால் சுமார் பதினைந்து மாதம். அதாவது ரிப்பேருக்கப்புறம் பதினைந்து மாதம் ஓடினாலே காசு வசூல். அதற்கு மேல் ஓடுவதெல்லாம் போனஸ். கம்பெனியின் 12,400-ஐ வகுத்தால் மூன்று வருஷம் ஏழு மாதம். எட்டு வயசு மெஷின் இன்னும் மூன்றரை வருஷம் வேறெதுவும் கெடாமல் ஓடும் என்று யார் உத்தரவாதம் தருவார்கள்? அந்த விலைக்கு ரிப்பேர் என்றால் நான் புதுசு கட்சியில் சேர்ந்திருப்பேன்.

ஆகவே கேள்வி "ரிப்பேரா, புதுசா?" என்பதில்லை. "எத்தனை மாதம் ஓடினால் கட்டுப்படியாகும், அத்தனை மாதம் ஓடுமா?" என்பது. இதை மெக்கானிக்கிடம் நேராகக் கேட்டேன். அவர் உடனே பதில் சொல்லவில்லை. "பிரிச்சு ஸ்பைடரைப் பாத்துட்டுச் சொல்றேன்" என்றார்.

ஸ்பைடர் என்பது டிரம்முக்குப் பின்னால் இருக்கும் மூன்று கால் அலுமினியச் சட்டம். ஸ்டீல் டிரம்மைத் தண்டோடு பிடித்து நிறுத்துவது அதுதான். அது பட்டுக்கொண்டிருக்கிற பாட்டை நினைத்துப் பாருங்கள். அரை மீட்டர் அகல டிரம் நிமிஷத்துக்கு 1,000 சுற்று சுற்றும்போது உள்ளே துணியின் பாரம் 250 மடங்குக்கு மேல் ஆகிறது. அரைக்கிலோ ஈரச் சட்டை 125 கிலோ பயில்வானாக மாறி டிரம்மை அமுக்கும். போதாததற்கு டிடர்ஜென்ட் காரம் அலுமினியத்தை மெல்ல அரிக்கும். ஸ்பைடர் செல்லரித்திருந்தால் புதுப் பேரிங் போட்டும் பிரயோஜனமில்லை.

அன்று சாயங்காலம் எங்கள் ஹாலில் மெஷின் பிரேதப் பரிசோதனை நடந்தது. உள்ளிருந்து இரண்டு பெரிய கான்க்ரீட் பாளங்கள் வெளிவந்தன. ஆடாமல் இருக்க பாரத்துக்காக வைப்பது. வீடு மாற்றும்போது இடுப்பொடியத் தூக்கினோமே, அதில் கணிசமானது சிமென்ட். பம்பு ஃபில்டரிலிருந்து இரண்டு ஒரு ரூபாய், ஒரு ஹேர்பின், பையனின் பொம்மைக் கார் டயர் ஒன்று. ஆறு மாசமாய்க் காணாமல் போயிருந்த டயருக்காகப் பையன் மெக்கானிக்கைக் கட்டிக்கொண்டான்.

ஸ்பைடரில் அங்கங்கே வெள்ளைப் பூத்திருந்தது. சுரண்டிப் பார்த்தார். தட்டிப் பார்த்தார். "ரெண்டு மூணு வருஷம் ஓடும் சார்" என்றார். நான் காகிதத்தைப் பார்த்தேன். பதினைந்து மாதம். கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

மறுநாள் ராத்திரி ஒன்பது மணிக்கு மெஷின் பிழிந்தது. அம்மா காது கொடுத்துக் கேட்டுவிட்டு, "ஃப்ளைட் கேன்ஸலா?" என்றாள்.

* * *

கடைக்காரர் சொல்லும் இரண்டு வாதங்களுக்குப் பதில் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

ஒன்று, "புதுசுல கரன்ட் மிச்சம் சார்." மெஷினில் பெரும்பகுதிக் கரன்ட்டைத் தின்பது தண்ணீரைச் சூடு பண்ணும் ஹீட்டர். நீங்கள் பச்சைத் தண்ணீரில் துவைக்கிற ஆசாமி என்றால் மிச்சமாக அங்கே பெரிதாக ஒன்றுமில்லை. சென்னையில் மே மாதம் மொட்டைமாடி டாங்க் தண்ணீரே வெந்நீர்தான், அதுவும் இலவசம்.

இரண்டு, "வட்டியில்லாத இ.எம்.ஐ." ரிசர்வ் வங்கி 2013-லேயே, ஜீரோ சதவிகித வட்டி என்ற ஒன்றே கிடையாது என்று வங்கிகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. இப்போது பெயர் மாறி 'நோ-காஸ்ட்' என்று வருகிறது. வட்டியைத் தள்ளுபடி மாதிரிக் கழித்துக் காட்டுவார்கள். ஆனால் கிரெடிட் கார்டில் அந்த வட்டிக்கு 18 சதவிகித ஜி.எஸ்.டி. உண்டு, பல கார்டுகளில் பிராசஸிங் ஃபீஸும் உண்டு. "ரொக்கமாகக் கொடுத்தால் எவ்வளவு குறைப்பீர்கள்?" என்று ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். வட்டி எங்கே ஒளிந்திருக்கிறது என்பது தெரிந்துவிடும்.

மேன்ஷன், ஷேரிங் ரூம் பிரம்மச்சாரிகளுக்கு ஒரு வார்த்தை. மெக்கானிக்கைக் கூப்பிடுமுன் இவற்றைப் பாருங்கள். குழாய் திறந்திருக்கிறதா? தண்ணீர் வரும் பைப்பின் முனையிலுள்ள வலையில் மண் அடைத்திருக்கிறதா? போர் தண்ணீர் என்றால் அநேகமாக அதுதான். கீழே சின்னக் கதவுக்குள் இருக்கிற பம்பு ஃபில்டரைக் கழற்றினீர்களா? நாலு காலும் தரையில் சமமாக நிற்கிறதா? தண்ணீர் ஏறவில்லை, இறங்கவில்லை, மெஷின் நடந்து போகிறது என்கிற புகார்களில் பாதிக்கு விசிட்டிங் சார்ஜ் தேவையே இல்லை. ஃபில்டரைக் கழற்றும்போது ப்ளக்கைப் பிடுங்கிவிட்டு, கீழே ஒரு தாம்பாளம் வைத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் ரூம்மேட்டின் பாய் நனையும், நட்பு முறியும்.

* * *

ஐரோப்பிய யூனியனில் 2021 மார்ச்சிலிருந்து ஒரு விதி. வாஷிங் மெஷின் மாடலை விற்பதை நிறுத்திய பிறகும் பத்து வருஷத்துக்கு முக்கியமான ஸ்பேர் பார்ட்டுகள் கிடைக்க வேண்டும், ஆர்டர் கொடுத்தால் 15 வேலை நாட்களுக்குள் அனுப்ப வேண்டும். பட்டியலில் பம்பு, மோட்டார், டிரம், ஸ்பைடர், பேரிங் எல்லாம் உண்டு. ஆனால் டிரம்மையும் பேரிங்கையும் தனித்தனியாகவும் விற்கலாம், சேர்த்தும் விற்கலாம் என்று ஒரு சந்து வைத்திருக்கிறார்கள். கம்பெனிக்காரர்கள் உலகமெங்கும் ஒரே ஜாதி. பிரான்ஸில் 2021-ல், எவ்வளவு சுலபமாய் ரிப்பேர் பண்ணலாம் என்று ஒவ்வொரு மெஷினுக்கும் பத்துக்கு இத்தனை மார்க் போட்டு கடையிலேயே ஒட்ட ஆரம்பித்தார்கள்.

நம் மத்திய அரசும் 2022 ஜூலையில் ரிப்பேர் உரிமைக்காக ஒரு கமிட்டி போட்டு, அந்த டிசம்பரிலேயே கம்பெனிகளின் சர்வீஸ், ஸ்பேர் விவரங்களுக்கு ஓர் இணையதளமும் திறந்தது. அது போதாது. கடையில் மெஷின் வாங்கும்போது நாமும் ஒரு கேள்வி கேட்டு வைக்கலாம்: "டப் பிரிக்கிற டப்பா, ஒட்டின டப்பா?" விற்பனைப் பையன் முழிப்பான். நாலு பேர் கேட்டால் மேனேஜர் முழிப்பார். நாற்பதாயிரம் பேர் கேட்டால் கம்பெனி பதில் தயார் பண்ணும்.

மெக்கானிக்கிடம் காசு கொடுக்கும்போது, "தனியாகவா வேலை பார்க்கிறீர்கள்?" என்று கேட்டேன்.

"மூணு பசங்க இருந்தாங்க சார். ஒருத்தன் கம்பெனி சர்வீஸ்ல சேந்துட்டான். ரெண்டு பேர் பைக்ல சாப்பாடு டெலிவரி. அன்னன்னிக்குக் காசு வருது. இங்க பேரிங் சத்தம் காதுல பழக ரெண்டு வருஷம் ஆவும். யார் இருப்பா?"

ரெண்டு மூணு வருஷத்தில் ஸ்பைடர் போகும் என்று சொல்லியிருக்கிறார். அவருக்கு அப்போது வயசு அறுபத்துமூன்று. கணக்குப் போட்ட காகிதத்தில் ஓரமாக அவர் நம்பரை எழுதி, அம்மா பிரிட்ஜ் மேல் ஒட்டி வைத்திருக்கிறாள். பக்கத்தில் இருப்பது அவளுடைய முழங்கால் டாக்டர் நம்பர்.